ஹம்சா அனுப்பாத கடிதம்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் மாதிரி. அது தும்மினாலும் ஆள் அனுப்புவார்கள். ஆகவே மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கத்திலிருந்து பத்ரிநாராயணன் மாமா மறுபடியும் போன் செய்தபோது நான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஸ்க்ரூ டிரைவரையும் சிடி உறையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அது 1999, கத்திரி வெயில் காலம். தி. நகரில் ஹபீபுர் ரஹ்மான் பாயின் கம்ப்யூட்டர் கடையில் நான்தான் சர்வீஸ் ஆள். பெயர் ஜவஹர். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அந்தக் காலத்தில் சிரித்துவிடுவேன். மெஷினுக்குள் வரும் எந்தப் பேயும் கழற்றி மாட்டினால் ஓடிவிடும் என்பது என் கட்சி.

மாமா கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்டர்நெட் பார்க்க பிரவுசரைத் திறந்தால் கொஞ்ச நேரத்தில் அது தானே மூடிக்கொள்கிறது என்பதுதான் அவருடைய புகார். மூடும்போது 'இல்லீகல் ஆபரேஷன்' என்று ஒரு செய்தி வரும். அந்த நாட்களில் எல்லா மெஷினிலும் வந்துகொண்டிருந்த செய்திதான். ஆனால் ஆயுள் முழுக்கக் கோர்ட் படி ஏறிய மனுஷருக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும்.

பிரவுசரை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிப் பார்த்தாயிற்று. மெமரியை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன். கடைசியில் மெஷினையே ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே அது நாள் முழுக்க ஓடியது. கடைக்கு வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அதில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்கள். ஒரு தடவைகூட மூடிக்கொள்ளவில்லை. திரும்பக் கொண்டுபோய் வைத்த மறுநாளே மாமாவின் போன்.

அன்று பிற்பகல் தெருவில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. கதவைத் திறந்த மாமா பின்கட்டு அறைக்கு என்னை அழைத்துப் போனார். அலமாரி நிறையக் கல்லூரிப் புத்தகங்கள், சுவரோரம் ஒரு கட்டிலும் வீணையும், நடுவில் நாங்கள் விற்ற கம்ப்யூட்டர். உள்ளே கால் வைத்ததும் என் கையில் மயிர் சிலிர்த்தது.

"ஏசி போட்டுக்கினீங்களா மாமா?"

"ஏசியா? ஃபேனே ஓடலைப்பா," என்றார்.

நனைந்த கம்பளி காயாமல் கிடந்தால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. மெஷினுக்குக் குளிர் நல்லதுதான் என்று ஜோக் அடித்தேன். மாமா சிரிக்கவில்லை. எனக்கும் அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

நான் உட்கார்ந்து பிரவுசரைத் திறந்தேன். பத்திரிகைச் செய்திகள் வந்தன, கிரிக்கெட் ஸ்கோர் வந்தது. என் பெயரில் இருந்த மெயிலைத் திறந்து பாய்க்கு ஒரு வரி எழுதினேன், அதுவும் போனது.

"நல்லாத்தானே கீது மாமா. நீங்க இன்னா பண்ணசொல்லோ புட்டுக்குது?"

மாமா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே சூடாமணி மாமி பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோதே குளிர் இன்னும் இறங்கியது.

வேறொரு மெயில் கணக்கைத் திறந்தார். பெயர் ஹம்சா என்று இருந்தது. ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க ஆரம்பித்தார்.

'அம்மா, சௌக்கியமா? எனக்குப் பரீட்சை முடிந்தது. வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ மாத்திரை மறக்காதே.' கீழே, 'உன் ஹம்சா.'

தன் சொந்த மெயில் விலாசத்துக்கே அதை அனுப்புவதற்கான பட்டனுக்கு மவுஸைக் கொண்டு போனார்.

சட்டென்று மூடிக்கொண்டது.

மானிட்டர் கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது. மாமா வேஷ்டித் தலைப்பால் அதைத் துடைத்தார். தினமும் துடைத்துப் பழகிய கை அது.

"மாமா," என்றேன் மெதுவாக. "ஹம்சா யாரு?"

"என் பொண்ணு. அமெரிக்காவுல படிச்சுண்டிருந்தா."

அவர் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் இறங்கியதை நான் கவனித்தேன். மேலே கேட்பதா வேண்டாமா என்று இருந்தது. அவரே சொன்னார், கதவைப் பார்த்துக்கொண்டே.

"ஜனவரியில போய்ட்டாப்பா. பனியில கார் வழுக்கி மரத்துல இடிச்சுடுத்து. ராத்திரி பூரா யாரும் பாக்கலையாம். காலம்பற பாத்தப்போ... அடியால போகலையாம், குளிர்ல போயிருக்கா. இங்கே மாமிக்கு அந்த வாரம்தான் ஹார்ட் ஆபரேஷன். அதிர்ச்சி எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அங்கேயே சிநேகிதாள்லாம் சேர்ந்து காரியத்தை முடிச்சுட்டா. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு நான்..."

லஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் மகள் பெயரில் கடிதம் எழுதி, அதை அச்செடுத்து வந்து மாமிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அங்கே ஒரு தடவையும் தகராறு வந்ததில்லையாம். வாராவாரம் வெயிலில் ஏன் அலைகிறீர்கள், கடிதம் வீட்டுக்கே வரட்டும் என்று மாமி பிடிவாதம் பிடித்ததால்தான் இந்தக் கம்ப்யூட்டரே வந்தது. அது வந்த நாளிலிருந்து ஒரு கடிதமும் போகவில்லை.

"தினமும் கேக்கறா, லெட்டர் வந்துதான்னு. என்ன சொல்லுவேன்? சந்தேகம் வந்துட்டா அந்த ஹார்ட் தாங்காது. இவளையும் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன், சொல்லு?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ அனுப்பிப் பாரேன். என் கை ராசியோ என்னவோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். இந்த ஒரு கடிதத்தையாவது போக வைத்துவிட வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு, அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி டயல் செய்தேன். மோடம் வழக்கமான கீச்சுக் கூச்சலைப் போட்டது.

அந்தக் கூச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது.

யாரோ பல் கிட்டிக்க மூச்சு விடும் சத்தம்.

"கேக்கறதா?" என்றார் மாமா, என் காதருகே. "எனக்கு மட்டுந்தான் கேக்கறதுன்னு நெனச்சேன்."

இணைப்பு கிடைத்ததும் சத்தம் நின்றது. மாமா சொல்லச் சொல்ல அதே கடிதத்தை நான் அடித்தேன். மவுஸ் பனிக்கட்டியாகச் சுட்டது. 'உன் ஹம்சா' என்று முடித்துப் பட்டன் மேல் வைத்து அழுத்தினேன்.

மூடிக்கொண்டது.

"ஏன்னா, போதும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு மாமி நின்றிருந்தாள். கையில் எனக்கான காபி. ஒல்லியான உடம்பு, கழுத்துக்குக் கீழே ஆபரேஷன் தழும்பின் நுனி தெரிந்தது. மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"ஒண்ணுமில்லை சூடாமணி, மெஷின் ரிப்பேர்..."

"எனக்கு எல்லாம் தெரியும்."

காபியை மேஜையில் வைத்துவிட்டு, கட்டிலின் விளிம்பில் மாமி உட்கார்ந்தாள்.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் உங்க மனுஷாளும் என் மனுஷாளும் பாக்க வந்தாளே. ஒருத்தராவது போயிட்டு வரேன்னு சொன்னாளா? என் தங்கை, வாசல்ல நின்னுண்டே அரைமணி பேசறவ, நான் குங்குமம் எடுத்துண்டு வரதுக்குள்ள செருப்பை மாட்டிண்டு போயிட்டா. அத்தனை பேரும் அப்படியே. சாவு விழுந்த ஆத்துலேர்ந்து தானேன்னா சொல்லிக்காம போவா? நீங்க எல்லார் வாயையும் கட்டினேள். பழக்கத்தைக் கட்ட மறந்துட்டேள்."

மாமா மானிட்டரை மறைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஏம்மா தெனமும் லெட்டர் கேட்டுக்கினு இருந்தீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"நான் கேக்கலைன்னா இவர் எழுத மாட்டாரேப்பா. எழுதற நேரந்தான் இவர் அவளோட இருந்தார். வந்து படிக்கறச்சே மூஞ்சியில ஒரு களை இருக்கும். அதையும் பறிச்சுட்டா மனுஷன் என்னத்துக்கு ஆவார்?" மாமியின் குரல் அப்போதுதான் உடைந்தது. "ஆனா நம்ம ரெண்டு பேருமா சேர்ந்து அவளை அழவே இல்லையேன்னா. பெத்த ஆத்துல ஒரு சொட்டுக் கண்ணீர் விழலையே அவளுக்கு. அதான் குளிர்ல நின்னுண்டிருக்கா."

மாமா தரையில் உட்கார்ந்து மாமியின் மடியில் முகத்தை வைத்தார். ஐந்து மாதமாக அடக்கி வைத்த அழுகை ஒரேயடியாக வந்தது. அப்படி ஒரு கிழவர் அழுது நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். மாமி அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். நான் பையை எடுத்துக்கொண்டு நழுவலாம் என்று திரும்பினேன்.

பிரவுசர் திறந்திருந்தது.

நான் திறக்கவில்லை.

அதில் மாமாவின் கடிதம் முழுசாக இருந்தது. அனுப்பாமல் மூடிக்கொண்டால் எழுதியதெல்லாம் போய்விடும், திரும்ப வராது. என் தொழிலில் அதைவிட நிச்சயமான விஷயம் வேறில்லை. ஆனாலும் இருந்தது.

கடைசி எழுத்து அழிந்தது. அதற்கு முந்தியது. 'உன் ஹம்சா' போயிற்று. மாத்திரை போயிற்று, சாப்பாடு போயிற்று, பரீட்சை போயிற்று.

யாரும் கீபோர்டைத் தொடவில்லை.

நான் பாய்ந்து டெலிபோன் வயரைப் பிடுங்கினேன். எழுத்துகள் அழிந்துகொண்டே இருந்தன. சிபியூவுக்கும் மானிட்டருக்கும் சேர்த்து இருந்த ஒரே மெயின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினேன். சிபியூவின் இரைச்சல் அடங்கியது, பச்சை விளக்கு அணைந்தது.

திரை மட்டும் அணையவில்லை.

எல்லாம் போன பிறகு ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. அதை அழிக்கவில்லை.

'அம்மா.'

அதன் பக்கத்தில் கர்சர் கோடு மினுக் மினுக்கென்று காத்திருந்தது. மாமியும் அதைப் பார்த்துவிட்டாள். ஓடிவிடலாம் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் என்னை விலக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். சமையலறையில் வேலையாக இருக்கும்போது மகள் கூப்பிட்டால் எப்படிக் கேட்பாளோ அதே குரலில் கேட்டாள்.

"என்னடி கண்ணா?"

மெயின் பிளக் என் கையில் இருந்தது. திரையில் அடுத்த எழுத்து விழுந்தது.