வந்துட்டே இருக்கேன்

செவ்வாய்க் கிரகத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் ஆளுக்கொரு காத்திருப்பி இருக்கிறதே! பீரோ அளவுப் பெட்டி. உள்ளே உட்கார்ந்து, எது நடந்ததும் கதவு திறக்க வேண்டும் என்று சொன்னால் போதும். உள்ளே காலம் கிட்டத்தட்ட நின்றுவிடும். வெளியே எவ்வளவு காலம் ஓடினாலும் உள்ளிருப்பவருக்கு ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். பரீட்சை முடிவு, பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார், கேஸ் சிலிண்டர் எல்லாம் அங்கே இப்படித்தான் கொட்டாவிக்குள் வந்து சேரும்.

அன்று ஜெபசிங்குக்கு வேறு கவலை. அவன், பர்வீன், உலகநாதன் மூவரும் பாலிடெக்னிக் காலத்திலிருந்து சனிக்கோளின் வளையத்தைப் பார்க்கப் போவதாகத் திட்டம் போட்டு, திட்டத்தை மட்டும் வருஷா வருஷம் புதுப்பித்து வந்தார்கள். அடுத்த வாரம் பர்வீன் ஏதோ ஒரு தூரத்து நிலவில் வேலைக்குச் சேர்கிறாள். போனால் திரும்புவது சந்தேகம். இன்று விண்கல நிலையத்தில் சந்திப்பதாக ஏற்பாடு; விட்டால் அவ்வளவுதான்.

இருவரையும் ஒரே அழைப்பில் இணைத்தான். "ஏல உலகு, எங்கல இருக்க?"

"கிளம்பிட்டேம்ல, வந்துட்டே இருக்கேன்" என்றான் உலகநாதன். பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நான் நிலையத்துக்கே வந்தாச்சு. ஒங்க ரெண்டு பேரையுந்தான் காணோம்" என்றாள் பர்வீன். நிலையத்தில் எப்படியோ குக்கர் விசிலடித்தது.

"நானும் வாசல்லதான் நிக்கேன்" என்றான் ஜெபசிங், போர்வையை இழுத்துவிட்டபடி.

பிறகு குளித்து, பையைக் கட்டினான். இந்த இருவரையும் நம்பி முதல் ஆளாகப் போய் நிற்க அவன் என்ன மடையனா? காத்திருப்பிக்குள் உட்கார்ந்து, "அவங்க ரெண்டு பேரும் நிலையம் வந்ததும் திற" என்றான். அடுத்த தெருவில் பர்வீனும் அதற்கடுத்த தெருவில் உலகநாதனும் தத்தம் பெட்டிகளிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கொட்டாவி. கதவு திறந்தது. ஜெபசிங் ஓடினான்.

வாசலில் மூவரும் ஒரே நேரத்தில் மூச்சிரைக்க முட்டிக்கொண்டார்கள். "எவ்ளோ நேரமா காத்துக் கெடக்கேன் தெரியுமா?" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். தகரக் கொட்டகையாக இருந்த நிலையம் கண்ணாடி மலையாக நின்றது. பேண்டு வாத்தியம். பெருங்கூட்டம். மாலைகளோடு நிலையத் தலைமை இயந்திரம் முன்னால் வந்தது.

"வாருங்கள். இருநூறு ஆண்டுகள் தாமதம். ஆனாலும், போட்ட திட்டப்படி எல்லோரும் வந்து சேர்ந்த முதல் நண்பர் கூட்டம் நீங்கள்தான். அதைப் பார்க்கத்தான் இந்தக் கூட்டம்."

"எங்கம்மா?" என்றான் ஜெபசிங்.

"மகன் வீடு திரும்பினதும் திற என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியில் இருக்கிறார். மற்ற இரு வீட்டிலும் அப்படியே."

"என் வேல?" என்றாள் பர்வீன்.

"அந்தக் கம்பெனியே இப்போது இல்லை."

பர்வீன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் பேண்டு வாத்தியம் ஒரு கணம் தடுமாறியது.

"இத்தன வருசமா எங்களத் தொறந்துவிட ஒரு ஆள் இல்லையா?" என்றான் உலகநாதன்.

"நிலையம் சொன்னால்தான் பெட்டி திறக்கும். நிலையத்தை நடத்தும் நாங்களோ பொய் சொல்லத் தெரியாதவர்கள். உங்கள் மூவரின் கடைசிப் பேச்சைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தோம். இன்று காலைதான் கைவந்தது. 'மற்ற இருவரும் வந்துவிட்டார்கள்' என்று மூன்று பெட்டிக்கும் சொல்லிவிட்டேன்." முதல் முட்டையிட்ட கோழியின் பெருமை அதன் குரலில்.

கலம் தயாராக நின்றது. ஓட்டுநர் இருக்கை மட்டும் காலி.

"டிரைவர் எங்க?" என்றான் ஜெபசிங்.

இயந்திரம் ஓட்டுநர் இயந்திரத்தை அழைத்தது. "கிளம்பிவிட்டாராம். வந்துகொண்டே இருக்கிறாராம்." எதிர்முனையில் சார்ஜ் ஏறும் இரைச்சல் ஜெபசிங்குக்கே கேட்டது.

யாரோ ஓடிப்போய் மூன்று காத்திருப்பிகளை உருட்டி வந்தார்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வேண்டாம்ல" என்று படியில் உட்கார்ந்தான் ஜெபசிங். "டீ மட்டும் கெடைக்குமா?"

டீ வந்தது. பாலிடெக்னிக் கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. பர்வீன் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். சனிக்கோளை யாரும் தேடவில்லை.

மத்தியானத்துக்கு மேல், ஈ காக்காய் இல்லாத நெடுஞ்சாலையில் ஓட்டுநர் இயந்திரம் நிதானமாக நடந்து வந்தது.

"வழியெல்லாம் ஒரே டிராஃபிக்" என்றது.