பெயர் கேளாத விருந்து

வாசகர்களே! யவனர் தேசத்தில் தெய்வங்களும் மனிதர்களும் ஒரே தெருவில் உலவிய காலம் அது. மேலைக் கடலில் கதிரவன் மூழ்க, கீழ்வானில் எழுந்த முழுமதி அக்ரேயாத் தீவின் கோட்டை மதில்களை வெண்ணொளியில் நனைத்துக்கொண்டிருந்தது. அந்த அந்திப்பொழுதில், கந்தல் போர்வையுடன் வாயிலில் வந்து நின்ற வழிப்போக்கனைக் கண்ட இளவரசி மெலித்தாவுக்கு நெஞ்சு திக்கென்றது. போர்வை ஊரை ஏமாற்றலாம், அவளை ஏமாற்றுமா? தந்தை அர்கேலனின் கப்பற்படையைக் கொளுத்திய பகைநாட்டு வீரன் தெர்சான் அல்லவா அவன்! எரிந்த கப்பலிலிருந்து அவளைத் தூக்கிக் கரைசேர்த்தவனும் அவனே. அன்று முதல் அவளுக்கு உறக்கம் ஏது, உணவு ஏது! அவன் தலையைக் கொய்வதாக மன்னர் சபதமிட்டிருப்பது தெரிந்தும் வந்திருக்கிறானே, பித்தன்!

"யாரடா நீ? பெயரைச் சொல்!" என்று காவல் தலைவன் ஈட்டியை நீட்டினான்.

"நிறுத்தும்!" என்று குறுக்கே பாய்ந்தாள் மெலித்தா. "வந்தவர் பசியாறும் முன்பு பெயர் கேட்பது எந்த ஊர் வழக்கம்? தெய்வ கோபத்தைத் தந்தையின் தலையில் ஏற்றப் பார்க்கிறீரா?"

யவனர் வழக்கம் அப்படித்தான். முதலில் உணவு, பிறகே பெயர். ஒரு வீட்டின் ரொட்டியைத் தின்றவனை, அவன் அங்கே தங்கியிருக்கும்வரை, அவ்வீட்டார் தீண்டக்கூடாது. காவல் தலைவன் ஈட்டியைத் தாழ்த்தி வழிவிட்டான்.

மண்டபத்தில் அவளே பரிமாறினாள். "சாகவா வந்தீர்?" என்று கிசுகிசுத்தாள்.

"திருடனைப்போல் தங்களைக் கவர்ந்துசெல்ல மனம் வரவில்லை, தேவி. முறையாகப் பெண் கேட்க வந்தேன்."

"முதலில் அந்த ரொட்டியை விழுங்கும்! காதலெல்லாம் பிறகு."

விழுங்கினான். அரியணையிலிருந்த அர்கேலன், "விருந்தினரே, தாங்கள் யார்?" என்று வினவினார்.

போர்வை நழுவியது. "தெர்சான். தங்கள் மகளைப் பெண் கேட்டு வந்திருக்கிறேன்."

வாள்கள் உருவப்பட்டன. மன்னரின் முகம் சிவந்தது. "என் ரொட்டியையா தின்றாய், பாதகா! விடியும்வரை நீ விருந்தினன். விடிந்ததும் வாயிலுக்கு வெளியே என் வாள் காத்திருக்கும்."

மெலித்தா விடுவிடுவென்று நடந்தாள். மண்டப நடுவிலிருந்த அடுப்பின் சாம்பலில் பட்டாடையோடு அமர்ந்தாள். சபை பதறியது. கதியற்றவர்கள் அடைக்கலம் கேட்கும் இடம் அது. அங்கே அமர்ந்தவரின் வேண்டுகோளை எந்த வீட்டுத் தலைவனும் மறுக்கலாகாது.

"மகளே, இது உன் வீடம்மா!"

"அவரைக் கொன்றால் எனக்கு வீடு ஏது, தந்தையே? கப்பல் எரிந்தபோது என்னைச் செம்படவர்கள் காப்பாற்றியதாகச் சொன்னேனே, அது பொய். காப்பாற்றியவர் இவர்தான். அவர் உயிரை எனக்குக் கொடுங்கள். அடைக்கலம்!"

கிழவர் அர்கேலனின் கண்கள் கலங்கின. பிறகு தெர்சானை நோக்கி, "எரித்த கப்பல்கள் அத்தனையையும் உன் கையாலேயே கட்டித் தருவாயா?" என்றார்.

தெர்சான் மண்டியிட்டான். "இந்த அடுப்பின் மேல் ஆணை, மன்னா! தருவேன்."

அர்கேலன் இறங்கிவந்து மகளைத் தூக்கி நிறுத்தினார். "முதல் கப்பலில் நீ மணமகளாக ஏறிப் போ, கண்ணே! மற்றவற்றை அந்தப் பயல் கிழவனானாலும் கட்டித் தீர்க்கட்டும்!"