வெண்மதி வாங்கிய சத்தியம்

வெண்மதியின் அப்பா ராஜவேல் கடலூரில் மின்வாரியப் பொறியாளர். அம்மா எழிலரசி சிதம்பரத்தில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போக இரண்டு முறை ஏற்பாடு செய்தார்கள். இரண்டு முறையும் கனமழை வந்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். பயணம் நின்றுபோனது.

அதனால் இந்த முறை டிக்கெட் எடுத்த அன்றே வெண்மதி கையை நீட்டினாள்.

"யார் கூப்பிட்டாலும் வேலைக்குப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கப்பா."

அப்பா அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். தம்பி ஆகாஷும் கையை நீட்டினான். அவனுக்கும் ஒரு சத்தியம் கிடைத்தது.

பொங்கல் விடுமுறையில் பயணம். ஆனால் 2011 டிசம்பர் முடியும் நேரத்தில் ‘தானே’ என்ற புயல் வந்தது.

காற்று ஓய்ந்த பிறகு வெண்மதி வாசலுக்கு வந்து பார்த்தாள். தெருவே அடையாளம் தெரியவில்லை. மின்கம்பங்கள் முறிந்து சாலையில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்துவிட்டன என்று பக்கத்து வீட்டில் அழுதுகொண்டே பேசினார்கள்.

அன்று போன அப்பா, அதன் பிறகு குளிக்கவும் சட்டை மாற்றவும்தான் வீட்டுக்கு வந்தார். ஆனாலும் பயணத்தைப் பற்றி ஆகாஷ் கேட்டபோதெல்லாம், "போறோம்டா. சத்தியம் பண்ணியிருக்கேன்ல?" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

பயணத்துக்குச் சில நாட்களே இருந்தன. அன்று அப்பா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். ஜீப் ஓட்டுநர் உத்திராபதி அதை வாங்க வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் வெண்மதியும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

அப்பா வேலை பார்த்த இடம் கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம். மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் இல்லை. வெண்மதி வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பில் குடத்தோடு நின்றாள். அவள் பெயர் பொன்னி.

"நீ சாரு பொண்ணா? எங்க ஊருக்கு எப்ப கரண்டு வரும்?" என்று கேட்டாள்.

வெண்மதி திரும்பி அப்பா எங்கே என்று தேடினாள்.

உதவிக்காக வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் கண்ணாயிரம் என்பவர் கம்பத்தில் ஏறத் தொடங்கினார். "கடலூர் லைனை நிறுத்தியாச்சு சார்!" என்று கீழிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

தூரத்தில் நின்ற அப்பா பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏறாதீங்க! எறங்குங்க! இதுக்குச் சிதம்பரம் லைன்லேருந்தும் கரண்டு வரும்!"

கண்ணாயிரம் சட்டென்று இறங்கினார். அப்பா தொலைபேசியில் பேசி, அந்தப் பக்கத்து மின்சாரத்தையும் நிறுத்தச் சொன்னார். சோதித்துப் பார்த்த பிறகே மற்றவர்களைத் தொடவிட்டார்.

கண்ணாயிரம் மணலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்" என்றார்.

வீடு திரும்பும்போது அப்பாவும் ஜீப்பில் வந்தார். வெண்மதி அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க சிங்கப்பூருக்கு வர வேணாம்."

"ஏம்மா, கோவமா?"

"இல்லப்பா. நான் வாங்குன சத்தியத்தத் திருப்பிக் குடுத்துடுறேன்."

"அதெல்லாம் வேணாம்மா. லீவு குடுத்துட்டாங்க. எனக்குப் பதிலா வேற ஊர்லேருந்து ஒருத்தர் வர்றாரு. நல்ல ஆளு."

"அவருக்கு அந்தச் சிதம்பரம் லைன் தெரியுமாப்பா?"

அப்பா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பா வரவில்லை என்று வீட்டில் சொன்னதும் ஆகாஷ் தரையில் உருண்டு அழுதான். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அப்ப யாருமே போக வேணாம்."

"நாம போவோம்மா" என்றாள் வெண்மதி. "சித்தி எத்தன வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க? நாம போகலன்னா அப்பாவுக்குத்தான் ஜாஸ்தி கஷ்டமா இருக்கும். தன்னாலதான்னு நெனச்சிக்கிட்டே கம்பத்துக்கிட்ட நிப்பாரு."

ஆகாஷ் அழுகையை நிறுத்தினான். "அப்பா எப்படிச் சாப்பிடுவாரு? அவருக்கு அடுப்பு பத்த வெக்கவே தெரியாதே?"

"டேய், ஊருக்கே கரண்டு குடுக்குறேன். ஒரு அடுப்பு பத்த வெக்க மாட்டேனா?" என்றார் அப்பா.

அம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

விமானத்தில் அப்பாவின் இருக்கை காலியாக இருந்தது. வெண்மதி அந்தப் பக்கம் திரும்பாமலே வந்தாள். சிங்கப்பூரில் சித்தி கட்டிப்பிடித்து அழுதார். ஆகாஷ் பார்த்ததையெல்லாம் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றான். வெண்மதிக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அப்பா கொஞ்ச நேரம் பேசினார். குரல் களைத்திருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாலையில் மறுபடி தொலைபேசி அடித்தது.

"வெண்மதி, குப்பத்துலேருந்து பேசுறேன். போன வெச்சிடாம அப்படியே கேளு" என்றார் அப்பா.

வெண்மதி தொலைபேசியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். முதலில் கடல் காற்று மட்டும் இரைந்தது. பிறகு அப்பா யாரிடமோ, "லைனைப் போடுங்க" என்று சொல்வது கேட்டது.

அடுத்த நொடி, பன்னிரண்டாவது மாடியில் இருந்த சித்தியின் வீடு முழுக்க ஒரு குப்பமே கூடி ஆரவாரிக்கும் சத்தம் நிறைந்தது.