தென்னரசுவின் வலது கால் நின்ற இடம்

"என் காலுக்கு என்னக்கா சொல்லிக்குடுத்த? கோப்பையே போச்சு!"

"நடந்தேன் தம்பி! டாக்டரம்மா சொன்ன வேகம், சொன்ன தூரம். வேற ஒண்ணும் சொல்லிக்குடுக்கல!"

செவ்வாயின் மூன்றாம் குமிழி நகரில் எலும்பு மருத்துவமனைத் தாழ்வாரம் அதிர்ந்துகொண்டிருந்தது. கத்தியவன் தென்னரசு, குமிழியின் முதல்தரக் கபடி வீரன். பதிலுக்குக் கத்தியவர் பூங்காவனம், அவன் காலை ஆறு வாரம் மாட்டிக்கொண்டு திரிந்த நடையாள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. செவ்வாயில் எல்லோருக்கும் கணுக்காலில் கழற்றுமூட்டு உண்டு. தென்னரசுவுக்குச் சுண்டுவிரலுக்குப் பின்னாலுள்ள எலும்பு முறிந்ததும், டாக்டர் ஹசீனா பாதத்தைக் கழற்றி, எலும்போடு எலும்பாகக் கரைந்துபோகும் வளர்திருகு ஒன்றை முடுக்கினார். அதற்குப் பன்னிரண்டு நிமிடம். பிறகுதான் பாடு. முறிந்த எலும்பு அளவான நடையில்தான் கூடும். விளையாட்டுக்காரர்களோ பத்தாம் நாளே ஓடிப் பார்த்து மறுபடி முறித்துக்கொள்வார்கள். அதனால் வீரனுக்கு வாடகைக் கால், அவன் காலுக்கு நடையாள். ஒரு காலில் பத்தாம் நம்பர் செருப்பும் மறுகாலில் ஆறாம் நம்பருமாகப் பூங்காவனம் குமிழியைச் சுற்றினார். எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும் அந்த வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றார். பாவம், வார் அடிக்கடி நழுவும்.

கால் திரும்பி வந்தது. இறுதிப் போட்டி, கடைசி ரெய்டு, ஒரே புள்ளி வேண்டும். தென்னரசு பாடிக்கொண்டே போய் ஒருவனைத் தொட்டும் விட்டான். திரும்பும்போது எதிரணி மாசிலாமணிமேல் அவனுடைய அணிக்காரன் ஒருவனே பாய்ந்தான்.

"என் தங்கச்சியப் பொண்ணு பாத்து, பஜ்ஜி சொஜ்ஜி தின்னுட்டுப் போனியேடா! ஆறு மாசமா பதில் எங்க?"

நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் தென்னரசுவின் வலது கால் நின்றது. நின்றது நின்றதுதான். பாடிய மூச்சு அறுந்தது, கோப்பையும் போயிற்று.

'காலில் பழக்கக் கோளாறு', அதாவது நடையாளின் பழக்கம் காலில் ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் எழுதித் தந்தால் மறுபோட்டி உண்டு. பூங்காவனத்தின் உரிமம் போய்விடும். தரவில்லையென்றால் தென்னரசு அணியில் இல்லை. இதற்குத்தான் அத்தனை சத்தம்.

ஹசீனா பாதத்தைக் கழற்றித் தட்டில் வைத்தார். கழற்றிய காலும் பழக்கத்தை மறக்காது. விசில் ஊதினார், கால் துள்ளியது. "பார்த்தீங்களா!" என்றான் தென்னரசு, கட்டிலில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்தபடி.

"இருங்க. இன்னும் முடியல."

அவர் மேசை மணியை அழுத்தியதும், கதவுக்கு வெளியே இரண்டு நர்சுகள் சொல்லிவைத்தபடி சண்டையைத் தொடங்கினார்கள். "உன் மாமியார் சொன்னதை நான் வெளிய சொன்னா என்னாகும் தெரியுமா?"

ஹசீனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். கட்டைவிரல்கூடச் சண்டை கேட்ட பக்கம் திரும்பவில்லை.

"உங்க கால்ல ஒரு கோளாறும் இல்ல, தென்னரசு" என்று நிமிர்ந்தார்.

கட்டில் காலி. தென்னரசு ஒற்றைக் காலில் நொண்டிப் போய்க் கதவில் காதை வைத்து நின்றான். அவன் விழாமல் தோளைக் கொடுத்துக்கொண்டு பூங்காவனம்.

"டாக்டரம்மா, மெதுவா. மாமியார் என்ன சொன்னாங்கன்னு இப்பத்தான் வருது" என்றார் பூங்காவனம்.

மறுபோட்டி இல்லை. மாசிலாமணியின் சண்டை என்னவோ தென்னரசுவை நிறுத்த எதிரணி ஜோடித்ததுதான். ஆனால் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று குமிழி முழுக்கக் கேட்ட கேள்வி தாங்காமல், அவன் அந்தத் தங்கச்சியையே கட்டிக்கொண்டான். பூங்காவனம் பந்தியில் முதல் வரிசை. அணியை விட்டு நீக்கப்பட்ட தென்னரசு பூமியின் நிலவுக்குக் குடிபெயர்ந்தான். அங்கே வெளியில் காற்றில்லை, யார் கத்தினாலும் கேட்காது, இனி நிம்மதி என்றுதான் போனான். போன மாதம் அங்கேயும் வீடு மாற்றிவிட்டானாம். சுவர் கொஞ்சம் மெல்லிசாக இருக்கிற வீடாகப் பார்த்து.