கதவுப் பக்கம் திரும்புங்க!

புது ஊருக்கு வந்து பத்து நாளாகியும் அம்மா அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பாத்திரம், மாற்றுத்துணி, படுக்கை ஆகியவை மட்டும் வெளியே வந்திருந்தன. மற்றவையெல்லாம் கூடத்துச் சுவரோரம் கயிறு கட்டியபடியே கிடந்தன. ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

"திரைச்சீலையையாவது எடுத்து மாட்டலாமேம்மா. எதிர்வீட்டுக்காரர் தினமும் நம்ம ஜன்னல்லதான் பேப்பர் படிக்கிறார்" என்றாள் புள்ளி.

"முதல்ல அப்பாவுக்கு வேலை நிலைக்கட்டும். பிரிச்சுட்டு மறுபடியும் கட்ட என் இடுப்புல தெம்பு இல்ல" என்றார் அம்மா.

மூக்கின் நுனியில் ஒரு மச்சம் இருப்பதால் அவளுக்குப் புள்ளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்த பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவுக்கு மட்டும்தான் பயன்பட்டது.

அப்பா முன்பு ஒரு சிற்றூரில் பால் வண்டி ஓட்டினார். பால் பண்ணையை மூடிவிட்டார்கள். இங்கே புள்ளியின் பள்ளிக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. வேனுக்குச் சொந்தக்காரரான வேன்கார அம்மா கறாரானவர்.

"ஒரு வாரம் பார்ப்பேன். பிள்ளைங்க நேரத்துக்கு வீடு போய்ச் சேரணும். 'என் பிள்ளையை இன்னும் காணோமே'ன்னு எனக்கு ஒரு போன் வந்தாலும் வேற ஆளைப் பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே தன் காரில் அப்பாவை ஏற்றிக்கொண்டு, மாலை வேன் போகும் வழியைச் சுற்றிக் காட்டினார். அப்பாவும் கவனமாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

"ரொம்ப சுலபம்" என்று வீட்டில் ஒப்பித்துக் காட்டினார். "நீல லாரி நிக்கிற இடத்துல இடது. மாடியில சிவப்புப் போர்வை காயுற வீட்டுக்கிட்ட வலது. வாசல்ல நாற்காலி போட்டு ஒருத்தருக்கு முடி வெட்டிக்கிட்டிருந்தாங்களே, அங்க மறுபடியும் இடது."

பழைய ஊரில் இது சரியாக இருந்திருக்கும். அங்கே மரத்தடியில் ஒரு லாரி உண்டு. புள்ளி பிறப்பதற்கு முன்பே பழுதாகி நின்றது அது. அதன்மேல் கொடி படர்ந்து பூவும் பூத்துவிட்டது. அந்த ஊரில் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். இந்த ஊர் அப்படி இல்லை என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பழைய டிரைவர் கடைசியாக ஒருமுறை வேனை ஓட்டினார். மாலையில் வண்டி அப்பாவின் கைக்கு வந்தது.

புள்ளியின் வீடு பள்ளிக்குப் பின் தெருவில்தான் இருந்தது. நடந்தே போயிருக்கலாம். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை. அதிலும் முன் இருக்கை! மற்ற பிள்ளைகள் பொறாமையோடு பார்க்க, ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.

நகரத்துக்குள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பெரிய சாலையில் இரண்டு பேர் இறங்கினார்கள். பிறகு கடைகள் குறைந்தன. மேம்பாலத்தைத் தாண்டியதும் புறநகர் வந்தது. எல்லா வீடுகளும் புதியவை. ஒரே உயரம், ஒரே வெள்ளை நிறம். தெருமுனைகளில் பெயர்ப் பலகைக்குக் கம்பம் மட்டும் நட்டிருந்தார்கள். பலகை இன்னும் வரவில்லை.

அப்பா வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு ஓரமாக நிறுத்தியே விட்டார்.

"என்னப்பா?"

"நீல லாரியைக் காணோம், புள்ளி."

"லாரின்னா போகாதாப்பா? அது வேலையே அதுதானே?"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "போர்வையையும் இந்நேரம் மடிச்சு வச்சிருப்பாங்க. முடி வெட்டிக்கிட்டவர் இன்னைக்குமா வெட்டிக்குவார்? புத்தி கெட்டுப்போய் இதையெல்லாம் அடையாளம் வச்சேனே!"

ஒரு வீட்டு வாசலில் நின்ற காவலாளியிடம் வழி கேட்டார்கள். "நானே நேத்துதான் வேலைக்கு வந்தேன்" என்றார் அவர்.

அப்பா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பேசுவதற்கு மட்டுமே உதவும் பழைய போன் அது. வேன்கார அம்மாவை அழைத்தால் வழி கிடைக்கும். வேலை போய்விடும். அழைக்காவிட்டாலும், இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் வீட்டிலிருந்தே அவருக்குப் போன் பறக்கும்.

புள்ளிக்குக் கயிறு கட்டிய பெட்டிகள் கண்முன் வந்தன.

"அப்பா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். "உங்க வீட்டுக்கெல்லாம் எப்படிப் போகணும்?"

"நேரா போனா எங்க வீடு!"

"எங்க வீட்டுல நாய் இருக்கு. குரைக்கும், கேட்டுக்கிட்டே போகலாம்!"

"எங்க வீடுதான் முதல்ல!"

ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். புள்ளி காதைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். நடுவில் இறங்குகிறவர்களுக்குத் தங்கள் வீடுவரைதான் தெரியும். முழு வழியும் யாருக்குத் தெரியும்?

"கடைசியா இறங்குறது யாரு?"

"கடைசிதான்!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அது ஒரு சின்னப் பையனின் பட்டப்பெயர். ஏழு வயது இருக்கும். வேனின் கடைசி இருக்கை மட்டும் பின்பக்கம் பார்த்து இருந்தது. அதில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று யாரும் போவதில்லை. அதனால் அது அவனுக்கென்றே ஆகிவிட்டது. அவன் யாரோடும் பேசமாட்டான். பின் கண்ணாடியைப் பார்த்தபடியே வருவான்.

"தம்பி, உனக்கு வழி தெரியுமா?"

அவன் தலையை ஆட்டினான். தெரியும் என்றா, தெரியாது என்றா என்று புரியவில்லை.

புள்ளி ஒரு பெருமூச்சு விட்டாள். "நீ வந்து முன்னாடி உட்காரு" என்று தன் இடத்தை அவனுக்குக் கொடுத்தாள். வேனே வாயைப் பிளந்தது. அப்பா வண்டியை மெதுவாக நகர்த்தினார்.

பையன் முன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது. "இது எந்த ஊரு?" என்று அழுவதுபோல் கேட்டான்.

"சுத்தம்!" என்றார் அப்பா.

புள்ளிக்கும் அழுகை வந்தது. இருக்கையையும் கொடுத்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. பையன் மட்டும் தன் பழைய இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தான். புள்ளிக்குச் சட்டென்று விளங்கியது. இவன் ஒருநாளும் இந்த வழியை முன்பக்கமாகப் பார்த்ததே இல்லை!

"அப்பா நிறுத்துங்க! தம்பி, உன் இடத்துக்கே போலாம் வா. நானும் வர்றேன்."

இருவரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். பையனின் முகம் தெளிந்தது.

"அதோ தண்ணித் தொட்டி" என்று கண்ணாடியில் விரலை வைத்தான். "அது சின்னதாயிட்டே போகும். என் கட்டைவிரல் அளவு ஆனதும் வேன் திரும்பும்."

"அப்பா, நேரா போங்க! சொல்றப்போ திரும்புங்க!"

தொட்டி தோசைக்கல் அளவு ஆயிற்று. கிண்ணம் அளவு ஆயிற்று. பையன் ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினான். "இப்போ! இந்தக் கைப் பக்கம்!" என்று வலது கையைத் தூக்கினான்.

"வலது பக்கம்பா!"

அப்பா வலது பக்கம் திருப்பினார். தெரு ஒரு மணல் மேட்டில் போய் முடிந்தது. மேட்டின்மேல் படுத்திருந்த நாய் ஒன்று தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது.

"இங்க மணலே கிடையாதுக்கா" என்றான் பையன்.

புள்ளி தன் வலது கையைப் பார்த்தாள். எட்டி அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவரும் அவர்களும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய வலது அவருக்கு இடது!

"தம்பி, இனிமே கையைத் தூக்காதே. இந்த வேனுக்குக் கதவு ஒரு பக்கம்தானே இருக்கு? கதவுப் பக்கமா, டிரைவர் பக்கமா, அதை மட்டும் சொல்லு."

"கதவுப் பக்கம்."

"அப்பா, வண்டியைப் பின்னாடி எடுத்து, வந்த ரோட்டுக்கே போங்க. கதவுப் பக்கத் தெரு!"

அந்தத் தெருவில் நுழைந்ததுமே ஒரு நாய் உரக்கக் குரைத்தது. "எங்க நாய்! நான் சொன்னேன்ல!" என்று நாய்க்காரப் பிள்ளை துள்ளி இறங்கினாள்.

அப்புறம் பையனின் வாய் மூடவே இல்லை. மருந்துக்கடைப் பலகையின் முதுகு அவனுக்குத் தெரியும். அதில் நான்கு இரும்புக் கம்பிகள் இருக்கும். அது மறைந்ததும் டிரைவர் பக்கம். மாடியில் ஏறும் வளைந்த இரும்புப் படி தெரிந்ததும் ஒரு பள்ளம் வரும். "பிடிச்சுக்கோங்க!" என்று அவன் கத்த, வேன் குலுங்க, எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் இப்போது அவனைக் கேலி செய்யவில்லை.

கடைசியில் அவன் மட்டுமே மிஞ்சினான். அவன் வீட்டு வாசலில் அவனுடைய அம்மா கையில் போனோடு நின்றிருந்தார்.

"கொஞ்சம் நேரமாயிடுச்சும்மா. நான் புது டிரைவர்" என்று அப்பா தயங்கினார்.

"அம்மா, நான்தான் வழி சொன்னேன்! எல்லா வழியும்!" என்று கத்திக்கொண்டே பையன் ஓடினான்.

வேன் திரும்பியது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"புள்ளி, வழி தெரிஞ்சவன் இறங்கிட்டானே. இப்ப நாம எப்படி வீட்டுக்குப் போறது?"

புள்ளி முன் இருக்கைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். வளைந்த இரும்புப் படி. அதைத் தாண்டினால் மருந்துக்கடைப் பலகையின் முதுகு. இவ்வளவு நேரம் பின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த அதே தெருக்கள் இப்போது முன் கண்ணாடியில் வந்து நின்றன.

"எனக்குத் தெரியும்பா! பள்ளம் வரும், மெதுவா போங்க."

தூரத்தில் கட்டைவிரல் அளவு தெரிந்த தண்ணித் தொட்டி கிண்ணம் அளவு ஆயிற்று. தோசைக்கல் அளவு ஆயிற்று. கடைசியில் தலைக்குமேல் பெரிதாக வந்து நின்றது. அதற்கப்பால் மேம்பாலம் தெரிந்தது. அங்கிருந்து அப்பாவுக்கே வழி தெரியும்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. வேன்கார அம்மா. அப்பா ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா இறங்குற பையனோட அம்மா போன் பண்ணாங்க."

அப்பா கண்ணை மூடினார். அம்மா பெட்டிகளைப் பார்த்தார்.

"கொஞ்சம் லேட்டாம். ஆனா, ஸ்கூல் விட்டு வந்தா வாயே திறக்காத பிள்ளை, வந்ததுலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கானாம். புள்ளி அக்கா நாளைக்கும் வருவாங்களான்னு கேக்கறானாம். யாருங்க அது?"

"என் பொண்ணுங்க" என்றார் அப்பா.

"நாளைக்கும் கூட்டிட்டு வாங்க. லேட் பண்ணாதீங்க." போன் வைக்கப்பட்டது.

வேன்கார அம்மா சொன்ன ஒரு வாரத்தில் இன்னும் நாள் பாக்கி இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அம்மா எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். சுவரோரம் இருந்த ஒரு பெட்டியை இழுத்து, கயிற்றை வெட்டினார்.

"பேப்பரைக் கிழி, புள்ளி. எதிர்வீட்டுக்காரர் நாளையிலேர்ந்து சொந்தமா பேப்பர் வாங்கிப் படிக்கட்டும்" என்றபடி திரைச்சீலையை உதறினார்.