கல்லை எடுத்தாச்சா?

நான்கு வருடம் கழித்து லாரி ஷெட்டுக்குள் கால் வைத்தபோது காலை ஏழு மணி இருக்கும். டீசல், ரப்பர், நனைந்த சாக்கு என்று அந்த வாசனை அப்படியே இருந்தது. நான்தான் மாறியிருந்தேன். தொப்பை விழுந்துவிட்டது, தாடி நரைத்துவிட்டது. நான்கு வருடமாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டைத் திறந்து மூடியதில், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த உள்ளங்கை மறுபடி மெத்தென்று ஆகிவிட்டது.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதுகு தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். என் முதுகுக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடி வைத்தது போதும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைநாள் சாயங்காலம், மலைச்சாலை ஏற்றத்தில் என் வண்டி சூடேறி நின்றது. தனியாகத்தான் இருந்தேன். ஏற்றத்தில் வண்டி நின்றால் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். சிலர் ஒன்று வைப்பார்கள். எனக்கு எப்போதும் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். சூடு இறங்கியதும் மழைக்குப் பயந்து ஓடிப்போய் கேபினில் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டேன். மூன்றாவது வளைவில்தான் ஞாபகம் வந்தது. கல்லை எடுக்கவில்லை.

பாரம் ஏற்றிய லாரியை அந்தச் சாலையில் திருப்ப முடியாது. நிறுத்திவிட்டு நடந்து போயிருக்கலாம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வருகிற எவனாவது ஓரமாகத் தள்ளிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் திரும்பி வரும்போது, நான் கல்லை விட்ட இடத்தில் சாலையில் சாக்பீஸ் கோடு இருந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகள் இருந்தன. மஞ்சள் மழைக்கோட்டின் கை ஒன்று முள்செடியில் மாட்டிக்கொண்டு ஆடியது. கீழே டீக்கடையில் சொன்னார்கள்: மேலே பண்ணையில் வேலை முடித்து பைக்கில் இறங்கிய ஆளாம், கல்லில் ஏறி விழுந்து அங்கேயே உயிர் போய்விட்டதாம். எந்தப் படுபாவியோ கல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று கடைக்காரர் எனக்கு டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். நான் அந்த டீயைக் குடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வீட்டுக்குப் போய் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது என்றேன். என் மனைவி நம்பினாள். நான்கு வருடம் அவளே கம்பெனியில் நின்றுகொண்டு பெட்டி அடுக்கி, கடைசியில் அவள் முழங்கால்தான் போனது. போன மாதம் ஒரு நாள் கால்களை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டே, நீங்க திரும்ப வண்டிக்குப் போனா என்ன என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

அவள் தம்பி, என் மச்சான், இதே ஷெட்டில் டிரைவர். அவன்தான் மேனேஜரிடம் எனக்காகப் பேசினான். முதல் டிரிப் அவனும் கூட வருவான். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் நான் மறுபடி கேட்டுக்குத்தான் போக வேண்டும். எந்தப் பக்கம் லோடு என்று கேட்டேன். மலைக்கு மேலே என்றான்.

சரி என்றேன்.

வண்டி புதுசு. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. ஹேண்ட் பிரேக் கைப்பிடி ஆள்காட்டி விரல் நீளம்தான். இழுத்து, கடைசியில் பூட்டிக்கொள்கிற வரைக்கும் அழுத்த வேண்டும், இல்லையென்றால் அதுவே பழைய இடத்துக்குப் போய்விடும் என்று மச்சான் இரண்டு தடவை சொன்னான். நான் வண்டி ஓட்டும்போது நீ அரை டிராயர் போட்டிருந்தாய் என்றேன். சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. கியர் போட்டு, கிளட்ச் விட்டு, பாரம் பின்னால் அசைந்து நகர்ந்தபோது கண்ணில் நீர் முட்டியது. இந்த வேலையை நான் எவ்வளவு தேடியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பத்து மணிக்கு ஏற்றம் ஆரம்பித்தது. ஐந்தாவது வளைவு தாண்டியதும் மூடுபனி. வெயில் எங்கோ மேலே இருந்திருக்க வேண்டும். வெளிச்சம் இருந்தது, ஆனால் எதுவும் தெரியவில்லை. முன்னால் பத்தடிச் சாலை, அதற்கப்புறம் வெள்ளை. இஞ்சின் சத்தம்கூட பஞ்சில் அமுங்கியதுபோல் கேட்டது.

சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது.

புது வண்டி சூடேறக் கூடாது. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் போதும், அதற்கப்புறம் வண்டி தீப்பிடித்து எரிந்தாலும் பரவாயில்லை என்று மிதித்தேன். மச்சான் முள்ளைப் பார்த்துவிட்டான். நிறுத்துங்க மாமா, இஞ்சின் போயிடும் என்றான்.

நிறுத்தினேன். ஓரத்தில் முள்செடி தெரிந்தது.

அதே இடம்.

மச்சான் இடது பக்கமாக இறங்கினான். கீழே ரேடியேட்டர் குழாய் ஒழுகுகிறது, கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, இரண்டு நிமிட வேலை என்று குரல் கொடுத்துவிட்டு ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போய்விட்டான். நான் கேபினைவிட்டு இறங்கவில்லை. இறங்க மாட்டேன் என்று கால்கள் சொல்லிவிட்டன. இஞ்சினை அணைத்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பழைய கை, பழைய பழக்கம், இழுத்தேன், விட்டேன். பூட்டியதா என்று பார்க்கவில்லை. தண்ணீர் கேனை எடுக்கக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன்.

வண்டி பின்னால் நகர்ந்தது.

அரை சாண் இருக்கும். பின்னால் ஒரு பெரிய இடி, மொத்த வண்டியும் குலுங்கி நின்றது. கீழிருந்து மச்சான் கத்தினான். நான் பிரேக்கில் ஏறி நின்றேன் என்றே சொல்ல வேண்டும். கைப்பிடியைப் பூட்டினேன். அவன் முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். அவன் பேன்ட்டின் ஓரம் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்திருந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் இரண்டு காலும் போயிருக்கும்.

கேபினில் ஏறி உட்கார்ந்து, கிளாம்பை முறுக்கியாச்சு என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அப்புறம் சொன்னான்:

"நல்லவேளை மாமா, கல்லு வச்சீங்க."

"நான் கீழயே இறங்கலையே மச்சான்."

அவன் என்னையே பார்த்தான்.

"வலது பக்கம் யாரோ நடந்து வந்தாங்க. ஈர ஷூ மாதிரி சதக் சதக்குன்னு. கல்லை வைக்கிற சத்தமும் கேட்டுச்சு. நீங்கன்னுதான் நினைச்சேன்."

நான் வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பனிக்குள் பின்சக்கரம் மங்கலாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ நின்றது. ஆள் உயரம் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாகக் கறுப்பு. ஹெல்மெட்.

மச்சான் பக்கம் திரும்பினேன். திரும்பக் கண்ணாடியைப் பார்த்தபோது அங்கே வெறும் பனி.

நனைந்த மழைக்கோட்டின் வாசனை வந்தது.

என் கதவுக்கு வெளியே, கண்ணாடிக்கு நேர் கீழே, மரியாதையான குரல். யாரும் யாரிடமும் கேட்கிற குரல்.

"அண்ணே, கல்லை எடுத்தாச்சா?"

என் மச்சானுக்கும் அது கேட்டது. அவன் முகத்தில் தெரிந்தது. எடுங்க மாமா, வண்டிய எடுங்க என்று என் தொடையைப் பிடித்து உலுக்கினான். நான் சாவியைத் திருப்பினேன். கியர் நறநறத்தது. லாரி முனகிக்கொண்டு ஏறியது. ஒரு வளைவு. இரண்டு வளைவு.

மூன்றாவது வளைவில் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

கல்லை மறுபடியும் சாலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதே வளைவு, அதே நான். இந்த முறை மழைகூட இல்லை.

மச்சானிடம் சொன்னேன். மழைநாள், கல், டீக்கடை, டிஸ்க், எல்லாம் ஐந்தாறு வரியில் முடிந்துவிட்டது. நான்கு வருடம் சுமந்தது அவ்வளவுதான் இருந்தது. அக்கா முழங்காலைப் பத்தி நினைச்சீங்களா என்று மட்டும் கேட்டான். பிறகு, நான் பிரேக்கில உட்கார்ந்திருக்கேன், நீங்க போய் எடுத்துட்டு வாங்க என்றான்.

பனிக்குள் இறங்கி நடந்தேன். நடக்கவில்லை, ஓடினேன், தொப்பை குலுங்க, செருப்பு வழுக்க ஓடினேன். இரண்டாவது வளைவு தாண்டியபோது பின்னால், மேலேயிருந்து, பைக் இறங்கும் சத்தம் கேட்டது.

வேகமாக வந்தது.

நிறுத்து நிறுத்து என்று கத்திக்கொண்டே ஓடினேன். பனிக்கு நடுவில் கல் தெரிந்தது. கருங்கல், ஒரு பக்கம் தட்டை. எனக்கு அந்தக் கல்லைத் தெரியும். விழுந்து அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஓரத்தில் முள்செடிக்குள் உருண்டேன். சுற்றிலும் எல்லாம் சில்லென்று நனைந்திருக்க, கல் மட்டும் சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ கையில் வைத்திருந்ததுபோல.

பைக் என்னைக் கடந்தது. சத்தம் கடந்தது, காற்று முகத்தில் அடித்தது, மஞ்சளாக ஒரு கீற்று போனது. விளக்கு வெளிச்சம் மட்டும் வரவில்லை.

திரும்பி வந்து மச்சானிடம் கேட்டேன். தன்னைத் தாண்டி எந்த வண்டியும் இறங்கவில்லை என்றான்.

கல்லைக் கேபினில் என் காலடியில் வைத்துக்கொண்டேன். லோடு இறக்கி, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தோம். வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. மேனேஜர் நாளையிலிருந்து தனியாகவே போகலாம் என்றார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், சமையலறை வாசலில் நின்று, அந்த ஆளுக்குக் குழந்தைங்க இருந்துச்சா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் விசாரித்ததே இல்லை. நாளைக்கு விசாரிங்க என்றாள்.

அன்று நன்றாகத் தூங்கினேன். அதுதான் தப்பு.

காலையில் வாசலில் என் மகள் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வண்டி வாங்கி மூன்று வாரம். அப்பா, கொஞ்சம் வாங்களேன் என்று கூப்பிட்டாள்.

"இப்பத்தான் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. மழையே இல்ல, மழைக்கோட்டு போட்டிருந்தாரு. உங்கப்பா கல்லை எடுத்தாச்சான்னு கேட்டாரு. நீங்க ராத்திரி அம்மாகிட்ட சொன்னது காதுல விழுந்துச்சா, அதான் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"ஒண்ணுதானே எடுத்தாரு, இன்னொண்ணு எங்கன்னு கேட்டாரு. உங்களைக் கூப்பிடறேன்னேன். வேண்டாம்மா, நீ போற வழியிலதான் எங்கயாவது கிடக்கும், பார்த்துப் போம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. நான் வலது பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். இடது பக்கம் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். என்னப்பா, நேரமாச்சு என்றாள். வாசல் முழுக்க வெயிலில் காய்ந்து கிடந்தது. அந்த ஆள் நின்றதாக அவள் கைகாட்டிய இடத்தில் மட்டும், இரண்டு ஷூ அளவுக்கு ஈரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்னால் இன்னொரு ஜோடி ஈரம் பதிந்தது. பிறகு இன்னொன்று. அந்த ஈரத் தடம் தெருவில் இறங்கி, தினமும் அவள் திரும்புகிற பக்கமாகத் திரும்பியது.