பன்னிரண்டாம் காம்பு

பட்டியில் சத்தமே இல்லை. சாராய ஊறல் சக்கையின் புளித்த வாடை வந்தாலே தொட்டியை முட்டிக் கவிழ்க்கும் தாய்ப்பன்றி, அந்த மப்பான மத்தியானத்தில் பட்டியிலேயே இல்லை. படலில் கட்டிய கயிறு கட்டியபடி இருந்தது. துளசிங்கம் தீனிப் பானையைக் கீழே வைத்தான்.

பழவேற்காட்டுக்கு வரும் ஒல்லாந்தர் கப்பல்களுக்குப் பன்றி வளர்த்து விற்பது அவன் பிழைப்பு. சாராயம் காய்ச்சி மிஞ்சும் சக்கைதான் தீனி. அடங்கிக் கிடக்கட்டும் என்று மேலே கொஞ்சம் சாராயமும் ஊற்றுவான். முதல் ஈற்றுக் குட்டிகள் மதமதவென்று ஊதின. ஒல்லாந்தர் கோட்டையில் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். அவை ஈன்றவை பாதி எடையோடு பிறந்தன. மூன்றாம் தலைமுறையாக இந்தப் பன்றி போட்ட பதினொன்றோ, தின்று தின்றும் உடம்பில் ஒட்டாமல், விலா எலும்பு தெரிய நடுங்கி நின்றன. வாங்க ஆளில்லை. போன வாரம் பதினொன்றையும் வேகவைத்துத் தாய்க்கே தீனியாகப் போட்டான். அன்று ராத்திரியும் நன்றாகத்தான் தூங்கினான், படுபாவி.

அவனுக்கும் ஒரு மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மனைவி இருசம்மாளுக்குப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழுதபோதெல்லாம் துணியைச் சாராயத்தில் நனைத்து அதன் வாயில் வைத்தான். குழந்தை அடங்கியது. சதைதான் பிடிக்கவில்லை.

"பன்னிக்கு செஞ்சதையே புள்ளைக்கும் செய்யறியேய்யா," என்று காலையில் கேட்டாள். "செத்துப் போயிடும்யா."

"தூங்குது இல்ல? சும்மா இரு," என்றான்.

பன்றியைத் தேடி வீட்டுப் பக்கம் வந்தான். ஏரிக்காற்றில் சேற்று வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன. வாசலை நெருங்க நெருங்க அவை விலகி, வெந்த தோலின் வாடை எழுந்தது. இருசம்மாள் வெறுங்கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்த முகம், ஆனால் இப்போது அழவில்லை.

"புள்ள எங்க?"

"பால் குடிக்குது."

"யார்கிட்ட?"

"உள்ள போய்ப் பாரு."

குனிந்து நுழைந்தான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழும் சத்தம்.

"இருசம்மா, இன்னா பண்ற?"

கதவைத் தட்டினான்.

இருட்டில் சப்பும் சத்தம். ஒரு வாய் இல்லை. பல வாய்கள். ஈரமாக, நிதானமாக. கண் பழகியது. அவன் பாயில் தாய்ப்பன்றி ஒருக்களித்துக் கிடந்தது. அதன் மடியில் வரிசையாகப் பதினொரு குட்டிகள். மயிர் உதிர்ந்த உடம்புகள். வெந்து வெளுத்த தோல். கடைசிக் காம்பில் அவன் மகன்.

கன்னம் உப்பியிருந்தது. தொடையில் மடிப்பு விழுந்திருந்தது.

"டேய் கண்ணு," என்றான்.

முதல் குட்டி காம்பை விட்டது. தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினொன்றும் எழுந்து நின்றன. கால்கள் நடுங்கவில்லை.

கடைசியாக, பால் ஒழுகும் வாயோடு, அவன் மகனும் நாலு காலில் எழுந்து நின்று திரும்பினான்.